கையெழுத்தில்லாத பூதம்

'க்ளோவர்ஃபீல்ட்' என்ற 2008ஆம் வருஷத்து அமெரிக்கப் படத்தை நம் வட்டத்தில் நாலு பேர் மெச்சிவிட்டார்கள். படைப்பாளி தன்னை அழித்துக்கொண்ட சினிமா என்கிறார் ஒருவர். உருவம் என்ற தளையையே அது உதறிவிட்டதாம். மூலக்குளத்தில் என் மாடியறையில் அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்தேன். இரண்டு தடவையும் ஏமாந்தேன். படத்தைவிட இந்த மெச்சுதல்தான் என்னை உறுத்துகிறது.

நியூயார்க்கில் ஒரு வழியனுப்பு விருந்து. நடுவில் பூதாகாரமான ஒரு பிராணி வந்து நகரத்தை நொறுக்குகிறது. சுதந்திர தேவியின் தலை தெருவில் உருண்டு விழுகிறது. ஹட் என்ற நண்பன் எல்லாவற்றையும் கைக்காமிராவில் பிடித்துக்கொண்டே ஓடுகிறான். பிற்பாடு கண்டெடுக்கப்பட்ட பதிவு இது என்று தொடக்கத்திலேயே சர்க்கார் பாணியில் ஓர் அத்தாட்சி. இயக்கியவர் மாட் ரீவ்ஸ். இயக்கியவர் யாருமில்லை என்று நாம் நம்பவேண்டும்.

நான் வங்கிக் குமாஸ்தா. கையெழுத்தில்லாத சீட்டைக் கவுண்டரில் வாங்கமாட்டேன். அடித்தல் திருத்தலுக்கும் சுருக்கொப்பம் கேட்பேன். இங்கே காமிரா சௌகரியமான இடத்தில் நடுங்குகிறது. பிராணியின் ஓர் அவயவம் தெரியவேண்டிய நொடியில் கச்சிதமாக அந்தப் பக்கம் திரும்புகிறது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் கைக்கு இத்தனை நாடகப் பிரக்ஞையா? கடைசியில் சென்ட்ரல் பார்க்கில், பட்டப்பகலில், பூதம் ஸ்டூடியோவில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி முழுமுகம் காட்டிவிட்டு ஹட்டைக் கொல்கிறது. 1999ல் 'ப்ளேர் விட்ச் ப்ராஜக்ட்' எடுத்தவர்கள் சூனியக்காரியைக் காட்டவேயில்லை. காசில்லாமையோ விவேகமோ, பயம் மிஞ்சியது.

ஒரே ஓர் இடத்தில் படம் உயிரோடிருக்கிறது. அதே நாடாவில் முன்பே ஒரு காதல் ஜோடி கோனி தீவில் கழித்த நாள் பதிவாகியிருக்கிறது. அதன்மேல்தான் நகரத்தின் அழிவு பதிகிறது. இடையிடையே பழைய நாள் தலைகாட்டி மறைகிறது. இதை ஒரு கலைஞன் யோசித்திருக்கிறான். யோசித்தவன் ஏன் ஒளிந்துகொள்கிறான்?

கண்டெடுத்த பதிவு எப்படி இருக்கும் என்று புதுச்சேரிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியதை 1846ல் கலுவா மோம்பிரேன் கண்டெடுத்தார். அதில் நாட்களும் மாதங்களுமாக விடுபட்டிருக்கின்றன. விடுபட்ட இடம் யாருக்காகவும் விடப்பட்டதல்ல. 1748ல் வேதபுரீஸ்வரர் கோவிலை இடித்த பதைப்பு இருக்கிறது. வியாபாரமும் துரைமார் பேச்சும் அதே குரலில் தொடர்கின்றன. எது பூதம் என்று பிள்ளை விரல் நீட்டவில்லை. ஆனால் எழுதியது தான்தான் என்பதை ஒரு பக்கத்திலும் மறைக்கவில்லை.

2013ல் கன்னடத்தில் '6-5=2' வந்தது. மலையேறப் போனவர்களின் காமிரா, அதே சரக்கு. அடுத்த வருஷமே இந்தியிலும். வியாபாரிகளோடு எனக்குச் சண்டையில்லை.

என் சண்டை நம்மவர்களோடு. சிறுபத்திரிகைக் கவிதைகளில் பாதி இன்று கிழிந்த டைரித் தாள். யாரோ எழுதி யாருக்கோ போய்ச்சேராத கடிதம். குறை சொன்னால், 'இது கவிதையல்ல சார், வெறும் பதிவு' என்கிறார்கள். பாராட்டினால் கவிதையாகிவிடுகிறது. உருவத்தோடு மல்லுக்கட்டாமல் தப்பிக்க இந்தக் காமிரா நடுக்கம் சுலபமான வழி.

படத்தை முதலில் மெச்சிய நண்பரின் தொகுப்பு அடுத்த மாதம் வருகிறதாம். பழைய பேப்பர் கடையில் கிடைத்த நோட்டுப் புத்தகம் என்று முன்னுரை சொல்கிறது. முன்னுரையின் கையெழுத்தும் கவிதைகளின் கையெழுத்தும் ஒன்றுதான், நான் பார்த்தேன்.