தோணியும் நிகண்டும்

தோணிக்குத் தமிழில் எத்தனை பெயர் உண்டு என்று என்னை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அம்பி, பஃறி, ஓடம், திமில், புணை, படகு, வங்கம், நாவாய் என்று மூச்சு விடாமல் அடுக்குவேன். சூடாமணி நிகண்டை மனனஞ் செய்து வளர்ந்த தலைமுறையின் கடைசி வரிசையில் நிற்பவன் நான். பிராசீன பாடசாலையிற் பண்டித வகுப்புக்குப் படித்த நாளில் இப்பெயர்களை ஒப்புவித்து ஆசிரியரின் பாராட்டைப் பெற்றதும் உண்டு. முப்பது ஆண்டுகளாக அவற்றையே என் மாணாக்கருக்கும் ஓதுவித்து வருகிறேன். ஆயினும் சென்ற தை மாதம் வரையில் நான் ஒரு தோணியில் இருந்து துடுப்புப் பிடித்தவனல்லன்.

தோணியில் ஏறியதேயில்லை என்று சொல்ல முடியாது. 1990களின் தொடக்கத்தில், குடாநாட்டின் தரைவழி அடைபட்டுக் கிடந்தபோது, எங்கள் மக்களெல்லாரும் கிளாலிக் கடனீரேரியை இரவோடிரவாகக் கடந்தார்கள். நானும் கடந்தேன். பொதியோடு பொதியாகக் குந்தியிருந்து, இயந்திரம் இழுத்த வழியே போனேன். அவ்வழியில் உயிர் துறந்தோர் பலர். அன்று எங்கள் தோணி கவிழ்ந்திருந்தால், எட்டுப் பெயரும் தெரிந்த பண்டிதனுக்கு ஒரு பெயரும் உதவியிராது.

புத்தூர் கமக்காரர் ஊர். செம்மண், வெங்காயம், புகையிலை, கிணறு இவையே எங்கள் உலகம். நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றின் ஆழத்தைப் பற்றி வெளியூரார் கேட்டால் எங்களுக்கு நேரம் போவதே தெரியாது. ஆனால் ஊருக்குக் கிழக்கே, வாதரவத்தைக்கு அப்பால், மாரியில் வெள்ளி விரித்தாற்போலக் கிடக்கும் தொண்டைமானாற்றுக் கடனீரேரியில் முழங்காலளவு நீரிற்கூட நாங்கள் இறங்கியதில்லை. ஆழந் தெரியாத கிணற்றைப் பற்றிப் பெருமை பேசுவோம். ஆழந் தெரிந்த ஏரியை எட்டிப் பாரோம். (ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘வத்தை’ தோணியைக் குறிப்பதென்று நான் வாதாட வரவில்லை. அந்த ஆசை ஒரு கணம் எழுந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.)

என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் மாமனோடு சேர்ந்து வீட்டு முற்றத்திலேயே ஒரு சிறு தோணி செய்தான். ஒட்டுப்பலகை இரண்டு, வேலிக்கு வாங்கியதில் மிஞ்சிய சட்டங்கள், ஆணி, கீல் இவைதாம் மூலப்பொருள்கள். எட்டடி நீளம், அடி தட்டையானது. மூட்டுவாய்களிற் பஞ்சைத் திணித்துக் கீல் பூசுவதைக் ‘கலப்பற்று’ என்று மாமன் சொன்னார். கலம், பற்று என்று பிரித்து உடனே பொருள் விரிக்க என் நா துடித்தது. பிறகு, அது மேலைத்தேயத்திலிருந்து கப்பலேறி வந்த சொல்லாகவும் இருக்கலாமே என்ற ஐயம் வந்து வாயை அடைத்தது. பக்கத்துக்கொன்றாக வெற்றுக் கலன்கள் இரண்டைக் கயிற்றாற் கட்டியிருந்தார்கள். தோணி தண்ணீர் கொண்டாலும் தாழாதிருப்பதற்காம்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் என்னை அதில் ஏற்றினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேடையில் ஏறுவதுபோல நிமிர்ந்து காலை வைத்தேன். தோணி ஒருபுறம் சாய்ந்தது. நான் மறுபுறம் சாய்ந்தேன். இருவரும் இரு வேறு கருத்துடையோர் போலச் சிறிது நேரம் நின்றோம். “ஐயா, நிமிர்ந்து நிக்காதேங்கோ. குந்தி நடுவில இருங்கோ,” என்றான் மாணவன். இடுப்பளவு நீரில் அவன் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாரம் தாழ்ந்தால் தோணி அடங்கும், உயர்ந்தால் புரளும். இதை எந்த உரையாசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

வலப்புறமாக நாலு முறை வலித்தேன். தோணி இடப்புறமாகத் திரும்பிக் கரையையே நோக்கியது. இடப்புறமாக வலித்தேன், மறுபடி சுழன்று கரையையே நோக்கியது. கால் மணி நேரம் செக்குமாடு போல ஒரே இடத்தைச் சுற்றினேன். கரையில் நின்ற சிறுவர்கள் சிரித்தார்கள். சந்தி பிரிக்கத் தெரியாத பையனைப் பார்த்து நான் வகுப்பிற் சிரித்த சிரிப்பு அது. எனக்கு அது நன்றாக அடையாளம் தெரிந்தது.

“தண்ணியைப் பாக்காதேங்கோ ஐயா. அங்கால நிக்கிற அந்த ஒற்றைப் பனையைப் பாருங்கோ. சவளை வலிச்ச உடன தூக்காமல் கடையால்ப் பக்கம் கொஞ்சம் பிடிச்சு வெளியால தள்ளுங்கோ.”

அவ்வளவே. வலிக்கும்போது திரும்பிய அணியம், முடிவில் அலகைச் சற்று வெளியே தள்ளியதும் மீண்டு நேராயிற்று. பின்னுக்கு மிக ஒதுங்கி இருந்தபடியால் அணியம் மேலெழுந்து வாடைக்காற்றில் அலைந்தது, ஒரு சாண் முன்னே நகர்ந்தேன், அடங்கிற்று. பனை அசையாமல் நிற்க, நான் அதை நோக்கிப் போனேன். ஐம்பது பாகந் தூரம் இருக்கலாம். கை நடுங்கியது. மகிழ்ச்சியாக இருந்தது.

கரையேறிய பின்னரே எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நான் புதிய ஆசிரியனாக இருந்தபோது, கரையோரக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பையன் தன் கட்டுரையிற் ‘சவள்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதனை வெட்டி மேலே ‘துடுப்பு’ என்று எழுதினேன். ‘அணியம்’ என்பதையும் வெட்டி ‘முன்பக்கம்’ ஆக்கினேன். ஓரத்திற் ‘கொச்சை தவிர்க்க’ என்று ஒரு குறிப்பும் வைத்தேன். அச்சொற்களின் குற்றம் என்ன? நான் மனனஞ் செய்த சூத்திரத்தில் அவை இல்லை. நான் பிறந்த தெருவிலும் இல்லை. இரண்டாவது காரணத்தை அன்று நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வயற்கரைச் சொல் செந்தமிழ், கடற்கரைச் சொல் கொச்சை என்ற கணக்கு எங்கள் சாதிச் செருக்கிலிருந்து வந்ததேயன்றி இலக்கணத்திலிருந்து வந்ததன்று. அந்தப் பையன் இடப்பெயர்வுக் காலத்தில் எங்கேயோ போனான். பிறகு அவனைக் காணவில்லை.

நிகண்டு எல்லாவற்றையும் ஒரு பொருள் எனச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. செய்யுளுக்கு அது உதவும். சங்கப் புலவரோ அப்படி மயங்கவில்லை. பட்டினப்பாலையிற் பஃறி என்பது உப்பை விற்று நெல்லை ஏற்றி வந்து கழிக்கரையிற் கட்டுண்டு கிடக்கும் கலம். நெய்தற் பாட்டுகளிலே திமில் மீன்வேட்டைக்கு உரியது. நாவாய் பெருங்கடலுக்கு உரியது. ஒன்றின் இடத்தில் ஒன்றை வைத்தால் பாட்டின் நீர்மட்டமே மாறிவிடும். கழியிற் கட்டுண்ட பஃறியை எனக்கு விளக்கியது எந்த உரையுமன்று; வாதரவத்தைக் கரையில் முளையில் மாட்டிய எட்டடித் தோணிதான் விளக்கியது. தொண்டைமானாறே உப்பேற்றும் கலங்கள் வந்து போகக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த வாய்க்கால் என்பது எங்கள் நாட்டு மரபுக் கதை. உப்புக் கழியின் பக்கத்தில் இருந்துகொண்டே பட்டினப்பாலையை நெஞ்சறையிற் பூட்டி வைத்திருந்தோம்.

அதே நீர் கடலிற் கலக்கும் முகத்துக்கு அயலில் வல்வெட்டித்துறை இருக்கிறது. அங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். அது எங்கள் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அக்கப்பலின் உறுப்புகளுக்கும் கயிறுகளுக்கும் பாய்களுக்கும் இருந்த பெயர்கள் யாவும் தமிழ்ச்சொற்களாகவோ தமிழாகிவிட்ட சொற்களாகவோ இருந்திருக்க வேண்டும். அவற்றுள் எத்தனையை எங்கள் பண்டிதர் ஒருவர் உட்கார்ந்து கேட்டெழுதினார்? ‘கட்டுமரம்’ என்ற சொல்லை ஆங்கிலேயன் கொண்டுபோய்த் தன் அகராதியில் வைத்து, இரட்டை உடற் படகுக்குப் பெயராக்கினான். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம். சவளைச் சிவப்பு மையால் வெட்டுகிறோம்.

எங்களுக்கு அயலூரான சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, 1887 இற் கலித்தொகையை அச்சேற்றினார். நெய்தற்கலி நம் கைக்கு வந்தது அவ்வாறே. இன்று செல்லரிக்கும் ஏடுகள் கரையில் நடமாடுகின்றன. அவற்றுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் வந்தபின் சவள் ஆபத்துக்கு வைத்திருக்கும் பொருளாகிவிட்டது. மரத்தோணி கட்டும் தச்சர் அரிதாகிவிட்டனர். மரக்கோல் தாங்கத் தெரிந்தவரின் பேரன் தொலைபேசியிற் காற்றின் திசையைப் பார்க்கிறான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சோளகம், கச்சான், கொண்டல், வாடை என்று நான்கையும் முகத்தால் அறிந்து சொல்லும் கிழவர் போன பின், அப்பெயர்கள் என் வாயில் இன்னொரு சூத்திரமாக மட்டும் இருக்கும்.

ஆகவே, நெய்தற்றிணையைக் கற்பிக்கும் ஆசிரியர் ஆண்டுக்கு ஒரு நாளேனும் வகுப்பைக் கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அன்றைக்கு ஆசிரியர் ஆசனத்தில் ஒரு கடற்றொழிலாளி இருக்க வேண்டும். அவர் சொல்லும் சொற்களைப் பிள்ளைகள் திருத்தாமல் எழுத வேண்டும் என்று எங்கள் இலக்கிய வட்டத்தில் ஒரு மாலை எடுத்துச் சொன்னேன். நண்பர் ஒருவர், “நெய்தலுக்குக் கடலென்றால், பாலைக்கு எங்களைச் சகாராவுக்கு அனுப்புவீரோ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சகாரா தொலைவு, வாதரவத்தைக்குத் துவிச்சக்கரவண்டி போதும்.

வேறொருவர் சொன்னது சிரிக்கத்தக்கதன்று. பிள்ளைகளை நீரருகே கொண்டுபோய் ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அது நியாயமான அச்சம். முழங்காலளவு நீர், துணைக்கு நீந்தத் தெரிந்த இருவர், மிதவைச் சட்டை, கரையிற் கயிறு, இவை இல்லாமல் எவரையும் தோணியில் ஏற்றலாகாது. ஆனால் நீரை விட்டு விலக்கி வளர்த்த பிள்ளை நீருக்குத் தப்பிவிட்டது என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கிளாலியில் என்னோடு குந்தியிருந்தவர்களிற் பெரும்பாலோர் அவ்வாறு விலக்கி வளர்க்கப்பட்டவர்களே.

கையில் எழுந்த கொப்புளம் இன்னும் ஆறவில்லை. வெண்கட்டி பிடிக்கும்போது உறுத்துகிறது. மரக்கோல் தாங்கப் பழக்குவதாக மாணவன் சொல்லியிருக்கிறான். பங்குனி பிறந்தால் நீர் வற்றத் தொடங்கிவிடும், ஐயா கெதியாக வரவேண்டும் என்பது அவன் கட்டளை. வருகிற சனிக்கிழமை போகிறேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒருவரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அந்த எட்டுப் பெயரும் மனப்பாடம்.