வாக்களிக்கும் முன் தெரிய வேண்டிய பெயர்கள்

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு மக்களவைத் தேர்தலில் வாக்களித்தது. அந்த மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நிறுவனம் ஒரு கட்சிக்குப் பெருந்தொகை கொடுத்திருந்தால், அது 2024-25 நிதியாண்டுக் கணக்கில் சேரும். அந்த ஆண்டின் நன்கொடை அறிக்கையைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க வேண்டிய காலமோ 2025-இன் பிற்பகுதி. அதற்குள் புதிய அரசு அமைந்து, இரண்டு பட்ஜெட்டுகளும் வந்துவிட்டன. இதில் யாரும் விதியை மீறவில்லை. விதியே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் நம் கவலை.

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் மொய் எழுதும்போது கொடுத்தவர் பெயர், ஊர், தொகை எல்லாம் அப்போதே நோட்டில் ஏறிவிடும். நூறு ரூபாய்க்கே அந்தக் கணக்கு இருக்கிறது. நாட்டை ஆளப்போகும் கட்சிக்குக் கோடிகள் போகும்போது மட்டும் ஏன் இத்தனை தாமதம்?

தேர்தல் பத்திரங்கள் இருந்த ஆறாண்டுகளில் இது தாமதமாகக்கூட இல்லை, முழு மறைவாகவே இருந்தது. 2018 தொடங்கி பாரத ஸ்டேட் வங்கி ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றது. வாங்கியவர் யார் என்று வங்கிக்குத் தெரியும், வாக்காளருக்குத் தெரியாது. அந்தத் திட்டம் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. விவரங்களைத் தர வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் ஒரே நாள்தான் கொடுத்தது. அப்படித்தான் பட்டியல் மக்கள் கைக்கு வந்தது.

அந்தப் பட்டியலில் முதலிடம் கோயம்புத்தூரைச் சேர்ந்த பியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனத்துக்கு. அது வாங்கியது 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்குச் சென்றிருந்தது. லாட்டரி விற்பனை 2003-லேயே தடைசெய்யப்பட்ட மாநிலம் இது. வெளியான பத்திரக் கணக்கில் ஏறத்தாழ பாதித் தொகை ஒன்றியத்தை ஆளும் பாஜகவுக்குப் போயிருந்தது. நன்கொடைக்குக் கைம்மாறாக ஏதேனும் நடந்ததா என்பது விசாரித்து நிறுவ வேண்டிய செய்தி. பட்டியலை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. ஆனால் கேள்வி கேட்பதற்கே ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் ஆறாண்டுகள் நம்மிடம் இல்லை. இதை ஒரு கட்சியின் தவறாக மட்டும் பேசிக் கடந்துவிட முடியாது. பத்திரம் வழியாக ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம் என்று இடதுசாரிக் கட்சிகள் நின்றன. மற்றபடி பெரிய கட்சிகளில் பெரும்பாலானவை வாங்கின.

பத்திரங்கள் போன பிறகு, 2013 முதல் இருந்துவரும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியே வரும் பணம் பெருகியிருக்கிறது. நிறுவனங்களிடம் பணம் திரட்டி, அதில் குறைந்தது 95 சதவீதத்தை அந்த ஆண்டே கட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்புகள் இவை. கொடுத்தவர் பட்டியலையும் பெற்ற கட்சிகளின் பட்டியலையும் தேர்தல் ஆணையத்திடம் தருகின்றன. பத்திரங்களைவிட இது எவ்வளவோ மேல். இருந்தாலும் எல்லார் பணமும் ஒரே நிதியில் கலந்துவிடுவதால், இன்ன நிறுவனத்தின் பணம் இன்ன கட்சிக்குப் போனது என்று படிப்பவர் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

இவற்றை ஒத்தவை அமெரிக்காவில் 'பேக்' எனப்படும் அரசியல் நிதிக் குழுக்கள். தேர்தல் ஆண்டில் அவை குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுத்தாக வேண்டும். பல குழுக்கள் மாதந்தோறும் கொடுக்கின்றன. ஒருவர் கொடுத்த தொகைகள் கூட்டிப் பார்த்தால் 200 டாலரைத் தாண்டும் என்றால் அவர் பெயரும் தொழிலும் வெளிவரும். வாக்குப்பதிவுக்கு முந்தைய சுமார் மூன்று வாரங்களில் வேட்பாளரின் குழு ஒருவரிடமிருந்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கினால் 48 மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருளல்ல. 2010-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் வரம்பில்லாமல் பணம் திரட்டும் 'சூப்பர் பேக்'குகள் முளைத்தன. அவற்றுக்கு நன்கொடை தருவது ஒரு லாப நோக்கற்ற அமைப்பாக இருந்தால் பட்டியலில் அந்த அமைப்பின் பெயர்தான் இருக்கும். அதற்குப் பணம் தந்தவர் மறைந்துகொள்வார். இதை அடைக்க வந்த சட்ட முன்வரைவு செனட்டில் திரும்பத் திரும்பத் தோற்றது. பெயருக்குப் பின்னால் உள்ள பெயரையும் கேட்க வேண்டும் என்பது நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

நம் சட்டத்திலோ 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைச் சொன்னால் போதும். பகுஜன் சமாஜ் கட்சி பல ஆண்டுகளாக, 20,000 ரூபாய்க்கு மேல் யாரிடமும் வாங்கவில்லை என்றே அறிக்கை கொடுத்துவருகிறது. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேலும் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது. கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது.

பெயர் வெளியே தெரிந்தால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவரை ஆளுங்கட்சி பழிவாங்கும் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. தொழில் நடத்துபவர்களுக்கு அது உண்மையான பயம். சிறு தொகை தரும் ஆசிரியரோ கடைக்காரரோ தன் அரசியல் சார்பை ஊரறியச் சொல்ல வேண்டியதும் இல்லை. அதனால்தான் ஒரு வரம்புக்குக் கீழ் உள்ளவர் பெயரைக் காப்பதும், அதற்கு மேல் உள்ளவர் பெயரை உடனே வெளியிடுவதும் சரியான வழி. பெருந்தொகை கொடுப்பவருக்கு மறைவு பாதுகாப்பாகாது. அதிகாரத்தில் இருப்பவருக்கு எப்படியும் தகவல் எட்டும். கடைசிவரை தெரியாமல் போவது பொதுமக்களுக்குத்தான்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தலே ரத்தான வரலாறு தமிழ்நாட்டுடையது. வாக்குக்கு ரூபாய் வாங்கிய கையால் நன்கொடைப் பட்டியலைக் கேட்பது கடினம். வீட்டுக் கதவைத் தட்டி வரும் அந்த நோட்டு எந்த வேட்பாளரின் செலவுக் கணக்கிலும் இராது. கணக்கில் வராத பணத்திலிருந்துதான் அது வந்திருக்க முடியும்.

இன்னொரு பங்கும் உண்டு, அதை நாம் பேசுவதே இல்லை. கட்சி நடத்தப் பணம் வேண்டும். அதை நாம் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுப்பார்கள். உண்டியல் குலுக்கிக் கட்சி வளர்த்த மரபு இங்கே உண்டு. தனக்குப் பிடித்த கட்சிக்கு ஆண்டுக்கு இருநூறு ரூபாய் கொடுத்து ரசீது வாங்கும் லட்சம் பேர் இருந்தால், அந்தக் கட்சி ஒரே ஒரு முதலாளியின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்காது. பங்குதாரர்களும் தங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று தேடிப் பார்க்க வேண்டும். கட்சியின் பெயரைச் சொல்லாமல் விடலாம் என்று 2017-இல் செய்த திருத்தத்தையும் உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பில் ரத்து செய்துவிட்டது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடக்கும் நன்கொடை அறிக்கைகளை ஒப்பந்தப்புள்ளி விவரங்களோடு சேர்த்துப் படிக்கும் வேலையை மாவட்டச் செய்தியாளர்களும் கல்லூரி மாணவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது தெளிவு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, தேர்தல் அறிவித்த நாள் முதல் வாரந்தோறும் கணக்கு, அறக்கட்டளைகள் ஒவ்வொரு நன்கொடையும் யாருக்குப் போனது என்று காட்டும் கடமை. இன்றைய ஆளுங்கட்சி நாளை எதிர்க்கட்சி வரிசையில் உட்காரும். இன்று தனக்கு வசதியாக இருக்கும் மறைவு அன்று தன் எதிராளிக்குப் பயன்படும் என்பதை எல்லாக் கட்சிகளும் எண்ணிப் பார்த்தால் இதில் உடன்பாடு எட்ட முடியும்.

அதுவரை காத்திருக்கத் தேவையும் இல்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம் பத்திர விவரங்களைக் கேட்டபோது பல கட்சிகள் கொடுத்தவர் யாரென்று தெரியாது என்றோ, சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றோ பதில் எழுதின. திமுகவும் அதிமுகவும் பெயர்களைக் கொடுத்தன. மனம் இருந்தால் முடியும் என்று காட்டிய இவ்விரு கட்சிகளும், இவற்றோடு களம் காணும் மற்றக் கட்சிகளும், வரும் ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர் பட்டியலை வெளியிடும் நாளிலேயே அதுவரை வந்த நன்கொடைப் பட்டியலையும் வெளியிடலாம். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.