கணக்குக் கதவை ஊரிகம் பிள்ளைகளுக்குச் சாத்த வேண்டாம்

பி.யூ.சி. பாடப்பிரிவு ஒதுக்கீடு பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

எஸ்.எஸ்.எல்.சி. முதல் தேர்வில், தான் விதித்த கணக்கு மதிப்பெண்ணை எட்டாதவர்களுக்கு இந்த ஆண்டு முதல் அறிவியல் பிரிவு கிடையாது என்று நம் வட்டாரக் கல்லூரி ஒன்று முடிவெடுத்திருப்பது உறுப்பினர்கள் அறிந்ததே. சேர்க்கை விதிகளை வகுத்துக்கொள்ளும் உரிமை ஒரு கல்லூரிக்கு ஓரளவு உண்டு என்பதைச் செயற்குழு ஒப்புக்கொள்கிறது. ஆனால் இந்த விதியை எங்களால் ஏற்க முடியாது.

காரணம் கணக்குப் பாடம். பதினைந்து, பதினாறு வயதில் எடுக்கும் பாடத் தொகுப்பு, அதாவது காம்பினேஷன்தான் இரண்டாண்டுக்குப் பின் எந்தப் பட்டப்படிப்பு என்பதை முடிவு செய்கிறது. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு வழியாகப் பொறியியலில் சேர, பி.யூ.சி.யில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். தரவரிசையில் பாதி பி.யூ.சி. மதிப்பெண், பாதி நுழைவுத் தேர்வு மதிப்பெண். கணிதமே எடுக்காத பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஹானர்ஸ் படிக்கக் கணிதம் வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.ஸ்டாட். படிப்புக்கும் வேண்டும். இவற்றையெல்லாம் சேர்க்கை மேசையில் நிற்கும் அப்பா அம்மாவிடம் யார் சொல்கிறார்கள்? "மார்க் பத்தாது, காமர்ஸ் போட்டுக்கோங்க" என்ற ஒரு வரியோடு விண்ணப்பத்தை நீட்டுகிறார்கள். கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள்.

இது எந்த ஊரில் நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் விஞ்ஞானிகளும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தார்கள். உலகில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட பதிவுகளில் அது ஒன்று. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் பல ஆண்டுகள் இங்கிருந்துதான் இயங்கியது. இன்றும் ஊரிகத்தில் உள்ள டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரியில் சுரங்கப் பொறியியல் இருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைக்கு, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தப் படிப்பில் சேரக் கணக்குப் பாடம் தேவை. அந்தப் பாடத்தைத்தான் கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது நம் வீடுகளுக்கு வேறு வழி என்று காட்டப்பட்டது படிப்பு ஒன்றுதான். அதையும் கல்லூரியின் தேர்ச்சி விகிதக் கணக்குக்காகக் குறுக்கினால், இந்த மக்கள் எங்கே போவது?

தேர்ச்சி விகிதம் குறைகிறது என்ற கவலை நியாயமானதாக இருக்கலாம் என்று குழுவில் சிலர் கருதினார்கள். அக்கருத்தைப் பதிவு செய்கிறோம். ஆனால் 2024 முதல் மாநில அரசே எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் நடத்துகிறது. முதல் தேர்வில் தேர்ச்சி பெற்றவரும் அடுத்ததை எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். எது அதிகமோ அதுவே நிற்கும். அரசே மறுவாய்ப்புத் தரும்போது, முதல் முடிவு வந்த வாரத்திலேயே கதவைச் சாத்த இவர்கள் யார்? கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் வகுப்பு நடத்துவது கல்லூரியின் வேலை. வெளியே தள்ளுவது அதன் வேலை இல்லை.

அறிவியல் பிரிவே இல்லையென்றால் பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம். படிப்புகளும் கைவிட்டுப் போகும். நம் பெண்பிள்ளைகள் பலர் விரும்பிக் கேட்பவை இவை. பங்காருப்பேட்டைக்கோ பெங்களூருக்கோ தினமும் ரயிலில் போய்ப் படிக்கலாமே என்பவர்கள், அந்த வயதுப் பெண்ணை இருட்டோடு அனுப்பத் தயங்கும் வீடுகளைப் பார்த்ததில்லை போலும். அப்படித் தயங்கும் வீட்டில் அவள் படிப்பு அத்தோடு நின்றுவிடும்.

வணிகவியலையும் கலைப் பிரிவையும் இந்த அறிக்கை எவ்விதத்திலும் தாழ்த்தவில்லை. சட்டம், இதழியல், அரசுப் பணி என்று எண்ணும் மாணவருக்கு கலைப் பிரிவின் எச்.இ.பி.எஸ். காம்பினேஷன் நல்ல தேர்வு. தணிக்கையாளர் ஆக விரும்புவோருக்கு வணிகவியலின் எச்.இ.பி.ஏ. பொருத்தமாக இருக்கும். விரும்பி எடுப்பவர்களுக்கு அவை உரியவை. மதிப்பெண் குறைந்தவர்களைக் கொண்டுபோய்க் கொட்டும் இடமாக அவற்றை ஆக்குவது அந்தப் பாடங்களுக்கும் அவற்றை நடத்தும் ஆசிரியர்களுக்கும் அவமானம்.



ஆகவே கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்: மதிப்பெண் வரம்பைத் திரும்பப் பெறுங்கள். உடனே முடியாதென்றால், கடைசித் தேர்வின் முடிவு வரும்வரையாவது அறிவியல் பிரிவில் இடங்களை ஒதுக்கி வையுங்கள். எந்தக் காம்பினேஷன் எந்தப் பட்டப்படிப்புக்கு வழிவிடும், எதற்கு விடாது என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்க்கை அறையின் வாசலில் ஒட்டுங்கள். இந்த மூன்றாவது கோரிக்கைக்கு ஒரு ரூபாய் செலவும் இல்லை. அதைக்கூடச் செய்ய மறுத்தால், மாணவர் நலன் என்று இனி எங்களிடம் பேச வேண்டாம். பதில் வராவிட்டால் பி.யூ. கல்வித் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுவது பற்றிச் செயற்குழு முடிவெடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை என்ன படிக்க ஆசைப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். அந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்று பள்ளி ஆசிரியரிடமோ, இப்போது அதைப் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ விசாரியுங்கள். தெரியவில்லை என்றால் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

— செயற்குழு