உருப்படாதவன் சொல்கிறேன்

தீபாவளிக்குத் தேயிலை மலையூரான தானா ராத்தாவுக்குப் போயிருந்தேன். ரொட்டி சானாய் மேசைக்கு வந்ததுமே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார்: "கேம் ஆடுறவனுக்கு உழைப்புன்னா என்னன்னு சாகுற வரைக்கும் தெரியாது." பக்கத்து மேசைகளும் தலையாட்டின. அந்தத் தலையாட்டல்தான் எரிச்சல். கைப்பேசியைத் தொடாதவர்கள் எல்லாரும் விடியற்காலைத் தோட்டப் பெரட்டுக்கு நின்றவர்கள் பாருங்கள்!

2013இல் லூக்காஸ் போப் தனியாளாக உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமைப் பெரியப்பா ஒருநாள் ஆடட்டும். எல்லைச் சாவடியில் கிராணி வேலை. பாஸ்போர்ட், பெர்மிட், முத்திரை. ஓர் ஆளைச் சரியாகப் பார்த்து முடித்தால் 5 கிரெடிட். இரண்டு தப்புக்கு எச்சரிக்கை. மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். பொழுது சாய்ந்தால் வாடகை, சாப்பாடு, கணப்பு என்று கணக்கு வந்து நிற்கும். மகனுக்குக் காய்ச்சல் என்றால் மருந்தும் சேரும். எதை வெட்டுவது? ஈரக் கொழுந்து என்று தேயிலைத் தோட்டத்து மண்டோர் எத்தனை கிலோ கழிப்பாரோ என நிறுவையடியில் நின்ற பெரியப்பாவுக்கு இதைவிட நெருங்கிய கதை எந்தப் படத்தில் இருக்கிறது? ஒரே பாட்டில் கோடீசுவரனாகும் நாயகனா உழைப்பைச் சொல்லித்தரப் போகிறான்?

இன்று மலையில் கொழுந்து வெட்டுகிறவர்களில் நம்மாட்கள் குறைவு. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் பெர்மிட்டை நம்பி நிற்கிறார்கள். தேதி தாண்டினால் அவர்கள் கதி என்ன என்பது கேமின் அந்தச் சாவடியில் முத்திரை குத்தும்போது உறைக்கும். சுங்கை பாலாஸ் தோட்டத்துப் பார்வை மேடையில் செல்ஃபி எடுப்பவர்களுக்கு உறைக்காது. "என்ன நிம்மதியான வேலை!" என்றார் அங்கே ஓர் அம்மா. மழையில், சரிவில், முதுகுக் கூடையோடு நின்று சொல்லியிருக்கலாம்.

கத்தரி பிடித்துப் பிடித்தே பெரியப்பாவின் பெருவிரல் மடங்காமல் போனது. தோட்டம் கத்தரியை மாற்றவில்லை, ஆளை மாற்றியது. கேம்காரர்கள்? கை சரியாக இயங்காதவர்களுக்கென்றே 2018இல் மைக்ரோசாஃப்ட் பெரிய பொத்தான் வைத்த கண்ட்ரோலரை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு வந்த 'செலஸ்ட்' மலையேறும் கேம். முடியாதவர் அதன் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். நம் மலையில் யாருக்காக எது வேகம் குறைந்தது? கோவிலுக்குக்கூடப் படிதான், சாய்தளம் கிடையாது. கேட்டால் வேண்டுதல் என்பார்கள்.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்'கூடத் திணறுகிறவருக்குத் தினம் 20 கிரெடிட் சேர்த்துக் கொடுக்க வழி வைத்திருக்கிறது. அதைச் சொன்னேன்.

"சும்மா குடுக்குறானா?" என்றார் பெரியப்பா. "அதான் அது கேம்."

ரொட்டி ஆறிப்போயிருந்தது.