தடிப்பான இரும்பு போதாது

சென்ற மாதம் ஒரு வாசகர், இரண்டாக முறிந்த இரும்புத் தண்டு ஒன்றை என் மேசைமேல் வைத்தார். ஜண்டா பாய்க் காட்டுப் பாதையில் நண்பர்களின் ஜீப்புகளுக்கு ஈடுகொடுத்து வேகமாக ஏறியபோது முறிந்ததாம். “அண்ணே, இன்னும் தடிப்பான இரும்புல செஞ்சா தாங்கும்தானே?” என்று கேட்டார். தாங்காது என்றேன். அதே வண்டியில்தான் அவர் மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையிலும் போகிறார். அதனால் விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டெபிலைசர் பார் என்பது ‘ப’ வடிவில் வளைந்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் சேசிஸோடு பிணைந்திருக்கும். இரு முனைகளும் லிங்க் என்ற சிறு தண்டுகள் வழியாக அச்சோடு சேரும். வளைவில் வண்டி சாயும்போது கம்பி முறுக்கேறிச் சாய்வைக் குறைக்கும். காட்டில் அதே குணம் தொல்லையாகிவிடும். ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மறு சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டும். கம்பி அதை விடாது. சக்கரம் அந்தரத்தில் சும்மா சுழலும், வண்டி நகராது.

அதற்காகத்தான் காட்டுக்குள் லிங்க்கைக் கழற்றிவிடுகிறார்கள். ஜீப் ரேங்லர் ரூபிகானில் 2007 முதல் இதற்கு ஒரு பொத்தானே உண்டு. வேகம் சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டினால் கம்பி தானாக இணைந்துகொள்ளும். அந்த வசதி இல்லாதவர்களுக்குக் கடைகளில் தனி லிங்க் கிடைக்கிறது. விலையைக் கேட்டுத் திரும்பியவர்கள் பட்டறைக்குப் போகிறார்கள். பழைய லிங்க்கை அறுத்து, குழாய் ஒன்றை வெல்டிங் செய்து, குறுக்கே ஒரு பின் செருகினால் வேலை முடிந்தது.

சிக்கல் மூட்டில் இருக்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது லிங்க்கின் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். கம்பெனி லிங்க்கின் முனையில் உள்ள ரப்பரோ பந்து மூட்டோ அந்த மாற்றத்தை வாங்கிக்கொள்ளும். தண்டுக்கு இழுப்பும் அழுத்தமும் மட்டுமே வரும். பட்டறை லிங்க்கில் பின் இறுக்கமாகப் பிடித்திருப்பதால், மூட்டு செய்ய வேண்டிய வேலையை இரும்பு செய்கிறது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் வளைகிறது. வெல்டிங் ஓரத்திலோ மரையின் அடியிலோ மயிரிழை விரிசல் தொடங்கும். மேலும் தடிப்பான இரும்பு போட்டால், விரிசல் அச்சில் உள்ள பிராக்கெட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

வாசகர் கொண்டுவந்த துண்டின் முறிந்த முகத்தில் பாதி துருப்பிடித்து மழமழப்பாக இருந்தது. மீதி பளபளவென்று சொரசொரப்பாக இருந்தது. ஜண்டா பாய்க்கில் முறிந்தது அந்த மீதிப் பாதி மட்டும்தான். துருப்பிடித்த பாதி அதற்கு வெகு முன்பே விட்டுப்போயிருக்கிறது. அவ்வளவு நாளும் அதை வைத்துத்தான் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டிருக்கிறார்.

ஒரு பக்க லிங்க் முறிந்தால், விடுபட்ட துண்டும் கம்பியின் முனையும் தாறுமாறாக ஆடும். பக்கத்திலேயே பிரேக் குழாய், ஸ்டியரிங் தண்டு, டயரின் பக்கச் சுவர் எல்லாம் இருக்கின்றன. அதைக் காட்டில் கவனிக்காமல், வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் 110இல் ஓட்டி, முன்னால் ஒரு லோரி சட்டென்று தடம் மாறி, நீங்களும் ஸ்டியரிங்கை ஒடித்தால்? உயரம் கூட்டிய வண்டி எவ்வளவு சாயும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்களில் இந்தக் கம்பியே கிடையாதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அவற்றில் இருப்பது விறைப்பான பட்டை ஸ்பிரிங். கோஸ் மூட்டை ஏற்றிய அந்த வண்டியை யாரும் 110இல் ஓட்டுவதில்லை.

சொந்தமாகத்தான் செய்வேன் என்பவர்கள் இரு முனையிலும் பந்து மூட்டு வையுங்கள். பின்னை ஒரு பக்கம் மட்டும் தாங்காமல், கவட்டை போல இரு பக்கமும் தாங்கட்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும், அது 4.6 போல்ட்டைவிட இரு மடங்கு இழுப்பைத் தாங்கும். காட்டுக்குள் இரு பக்கமும் கழற்றி, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள். திரும்பப் பூட்டியபின், சமதளத்தில் நிறுத்தி லிங்க்கைக் கையால் திருகிப் பாருங்கள். மூட்டில் கொஞ்சமாவது புரள வேண்டும். புரளாவிட்டால் அந்த லிங்க்கோடு தார்ச் சாலையில் ஏறாதீர்கள்.