ஊர் சுத்தின கதை - 7: ராட்டர்டாம், பாகற்காய், ஒரு வாக்குவாதம்

நெதர்லாந்துன்னதும் காற்றாலை, கால்வாய், குறுகலான பழைய செங்கல் வீடுன்னு மனசுல ஒரு காலண்டர் படம் வரும் பாருங்க, அதை எதிர்பார்த்து ராட்டர்டாம் போனா ஏமாந்துடுவீங்க. அந்தக் காலண்டர் சமாச்சாரமெல்லாம் நான் குப்பை கொட்டுற டெல்ஃப்ட்லயே எக்கச்சக்கமா கிடக்கு. அதனாலதான் போன சனிக்கிழமை மூணு பேரா ராட்டர்டாம் கிளம்பினோம். ரயில்ல கால்மணி நேரம்தான். ஒருத்தன் கட்டிடக்கலை படிக்கிற மதுரைக்காரன். இன்னொருத்தர் பி.எச்.டி. பண்ற யாழ்ப்பாணத்து அண்ணா. மூணாவது, காய்கறிப் பை தூக்க அடியேன் :-)

பிளாக் ஸ்டேஷன்ல இறங்கி வெளிய வந்தா ஒரு பக்கம் மஞ்சள் கலர்ல கனசதுர வீடுங்க. பெரிய பெரிய பகடைக்காயை முனையில நிக்க வெச்ச மாதிரி. பீட் பிளாம்ங்கிறவர் வடிவமைச்சு 1984-ல முடிஞ்சது. ஒவ்வொரு வீடும் ஒரு மரமாம், மொத்தமும் சேர்ந்து காடாம். உள்ள ஒரு வீட்டை டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. சுவரெல்லாம் சாஞ்சே இருக்கு, பரப்பளவுல கால்வாசி எதுக்கும் உதவாது. பீரோவை எங்க வைப்பாங்கன்னு கேட்டேன், மதுரைக்காரன் முறைச்சான்.

எதிர்ப்பக்கம் மார்க்ட்ஹால். 2014-ல திறந்தது. குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச கட்டிடம், அந்த வளைவுக்குள்ளயே 228 குடியிருப்புகள், நடுவுல சந்தை. கூரை முழுக்க பழம், காய், மீன், பூச்சின்னு ராட்சச ஓவியம், 11,000 சதுர மீட்டர். கழுத்து வலிக்கப் பாத்தோம். ஆனா விலைப் பலகையைப் பாத்ததும் வலி கழுத்துலேருந்து பர்சுக்கு இறங்கிடுச்சு. மாணவ ஜாதிக்கு அது கண்காட்சிதான்.

நமக்கான சந்தை அதுக்கு வெளிய, வானத்துக்குக் கீழ. செவ்வாயும் சனியும் பின்னன்ராட்டங்கிற நீள மைதானத்துல கூடுது. மொராக்கோக்காரர் ஆலிவ், துருக்கிக்காரர் ரொட்டி, சுடச்சுடப் பொரிச்ச மீன் துண்டு, துணி, சைக்கிள் பூட்டு, எல்லாம் ஒரே சத்தம். ஒரு சுரினாம் பாட்டி கடையில காராமணிக்காய் நீள நீளமா கட்டு கட்டி வெச்சிருந்தாங்க. பக்கத்துல, நம்ம பாகற்காய்! அவங்க பேர் சொப்ரோப்போ. 1873-லேருந்து இந்தியாவிலேருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா சுரினாமுக்குக் கப்பலேத்தப்பட்டவங்க வம்சம் நிறைய பேர், 1975-ல அந்த நாடு சுதந்திரமானப்போ இங்க வந்து சேர்ந்தாங்க. "எந்த ஊரு?"ன்னு பாட்டி கேட்டதுக்கு "இந்தியா"ன்னேன். "நானும்தான், கொஞ்சம் லேட்டு"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்கே அரைக்கிலோ வாங்கினேன்.

சந்தையை ஒட்டியே லாரன்ஸ் சர்ச். 1940 மே 14, ஜெர்மன் விமானங்க கால்மணி நேரம் குண்டு போட்டதுல மூண்ட தீயில நகரத்தோட நடுப்பகுதியே எரிஞ்சுபோச்சு. கிட்டத்தட்ட 80,000 பேருக்கு வீடு போச்சு. இந்த சர்ச் வெறும் சுவரா நின்னுச்சு. இடிச்சிடலாம்னு சொன்னவங்களும் உண்டு, கடைசியில 1952-லேருந்து 1968 வரைக்கும் செலவழிச்சு மீட்டுட்டாங்க. அதைச் சுத்தி இருந்த ஊரை மட்டும் பழையபடி கட்டவே இல்லை, புதுசாவே போட்டாங்க. "அதனாலதான் இந்த ஊர்ல எங்களுக்கெல்லாம் வேலை"ன்னு மதுரைக்காரன் பெருமையா சொன்னான்.

அண்ணா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஆரம்பிச்சார். "எங்கட யாழ்ப்பாண நூலகம் 81-ல எரிஞ்சது. அதைப் பழைய மாதிரியேதான் திருப்பிக் கட்டினவை. வெள்ளை வெளேரெண்டு இருக்கு. இண்டைக்குப் போற சின்னப் பிள்ளைக்கு அது எரிஞ்சதெண்டே தெரியாது."

"அப்ப அதையும் புதுசா கட்டியிருக்கணும்ங்கிறீங்களாண்ணா?"

"அப்பிடியும் சொல்லேலாது. அம்மா அங்க இருந்து படிச்சவ. படி அதே இடத்தில இருக்கோணும், அவ்வளவுதான் அவவுக்கு."

மதுரைக்காரன் விடல. எரிஞ்ச கட்டிடத்தை அப்படியே நகலெடுக்கிறது பொய்ன்னான். யாருக்குப் பொய்னு அண்ணா திருப்பிக் கேட்டார். குரல் ஒசந்து, மீன் வித்தவர் எட்டிப் பாத்தார். ரெண்டு பேர் சொல்றதும் எனக்குச் சரியாவே பட்டுது, அதனால வாயைத் திறக்கல.

அப்படியே நடந்து போற வழியில நடைபாதையில பதிச்ச ஒரு சின்ன வட்ட விளக்கைப் பாத்தோம், நடுவுல தீச்சுவாலை வரைஞ்சிருக்கு. தீ எதுவரைக்கும் வந்துச்சோ அந்த எல்லை பூரா இப்படிப் பதிச்சிருக்காங்களாம். இந்தப் பக்கம் நூறு வருஷத்து வீடு, அந்தப் பக்கம் எல்லாம் அதுக்கப்புறம் வந்தது. எனக்கென்னவோ மார்க்ட்ஹால் கூரையை விட இதுதான் பெரிய கட்டிடக்கலையாத் தெரிஞ்சுது. அண்ணா குனிஞ்சு அதை ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். என்ன எழுதினார்னு நாங்க கேக்கல.

சாயங்காலம் திரும்ப சந்தைக்கு வந்தா கடையைக் கட்டுற நேரம். மிஞ்சினதைப் பெட்டி பெட்டியா ஒரு யூரோன்னு கூவிட்டிருந்தாங்க. ஒரு பெட்டி மாம்பழம் தூக்கியாச்சு.

கொசுறு: போறவங்க சனிக்கிழமை போங்க, பெரிய பையா எடுத்துட்டுப் போங்க. பாகற்காயை அண்ணா தேங்காய்ப்பால் விட்டு வெச்சார். மதுரைக்காரன் மூணு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.