விமானத்துக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது!

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் விசில் ஊதுவதைத் தினமும் பார்க்கிறோம். அந்த விசிலை நம்பித்தான் டிரைவர் வண்டியை எடுக்கிறார். சரி, விமானம் எப்படிப் பின்னால் வரும்? யோசிச்சிருக்கீங்களா?

பெரிய விமான நிலையங்களில் மூக்கு கட்டடத்தைப் பார்த்து இருக்கும்படி விமானத்தை நிறுத்துவார்கள். கிளம்ப வேண்டுமென்றால் பின்னால்தான் வரணும். ஆனால் அதன் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை, காற்றைத்தான் பின்னுக்குத் தள்ளுகிறது. தரையிறங்கியதும் வேகத்தைக் குறைக்க அந்தக் காற்றை முன்பக்கம் திருப்பும் வசதி உண்டு. அதை வைத்தே பின்னால் வரலாமே? அமெரிக்காவில் ஒரு காலத்தில் அப்படியும் செய்தார்கள். தூசியும் கல்லும் பறந்து இன்ஜினுக்குள் போகும், எண்ணெய்ச் செலவு வேறு. அதனால் ஒரு குட்டை டிராக்டர் வந்து முன் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. ஏர்பஸ் ஏ320 ஆள், பெட்டியோடு 70 டன்னுக்கு மேல் வரும். அதையே தள்ளிவிடும் என்றால் பாருங்களேன்!

டிராக்டர் பெரிசுதான். ஆனால் என் கண்ணுக்குப் பெரிசாகத் தெரிவது, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கூடவே நடந்து வரும் ஆள். பைலட்டிடம் "பிரேக்கை எடுங்க" என்று சொல்வது அவர்தான். தள்ளும்போது முன் சக்கரத்தைப் பைலட் திருப்பிவிடாதபடி ஒரு பின் குத்தி வைத்திருப்பார்கள். தள்ளி முடித்ததும் அதை உருவி, தூரப் போய் நின்று, உயர்த்திக் காட்டுவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் விமானம் நகரணும்.

2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் என்ன நடந்தது தெரியுமா? ஹைதராபாத் கிளம்பிய ஏர் இந்தியா விமானத்தைப் பின்தள்ளி முடித்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஊழியர் விலகிப் போகும் முன்பே விமானம் நகர்ந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

விமான வேலை என்றாலே நாம் பைலட், ஏர் ஹோஸ்டஸ் என்றுதான் சொல்கிறோம். கீழே நிற்கிறவரை யாரும் சொல்வதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

2019 அக்டோபரில் டில்லியில் ஏர் இந்தியாவின் ஏ320 ஒன்றைப் பயணிகளோடு "டாக்ஸிபாட்" என்ற வண்டி ஓடுபாதைப் பக்கம் வரை இழுத்துப் போனது. பைலட்டே உள்ளிருந்து அதை ஓட்டலாம். ஆட்கள் சுற்றி நிற்கும் இடத்தில் இன்ஜின் ஓட வேண்டியதே இல்லை. எண்ணெய் மிச்சம் என்றுதான் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எண்ணெய் கிடக்கட்டும்! ஆள் மிஞ்சுவார் என்பதற்காகவே இதை எல்லா ஊருக்கும் கொண்டுவரணும் என்பது என் கருத்து. விலை ஜாஸ்தி என்பார்கள். விமானத்தின் விலையை விடவா ஜாஸ்தி?